இலக்கணத் திருத்தியும் அப்பாஸ்ட்ரஃபியும்: ஓர் அச்சுக் கடையின் நீண்டகால அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அழைப்பிதழ், நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் முதலியவற்றை வடிவமைத்து அச்சிடும் எங்கள் கடையில், ஆங்கில வேலை எதுவாயினும் ப்ரூஃபுக்கு முன் சந்தா கட்டிப் பெற்ற ஓர் இலக்கணத் திருத்தி மென்பொருளில் போட்டுப் பார்ப்பது பல ஆண்டு வழக்கம். உடைமையையும் எழுத்து விடுபட்டதையும் காட்ட ஆங்கிலத்தில் எழுத்தின் மேற்புறம் இடும் ’ என்ற குறியான அப்பாஸ்ட்ரஃபியை அது எவ்வாறு கையாள்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விடை ஒன்றே ஒன்றாக உள்ள இடங்களில் குறை சொல்வதற்கில்லை. 'அது' என்பதன் உடைமை வடிவமான 'இட்ஸ்' சொல்லில் குறி நுழைந்தாலும், 'டோன்ட்' சொல்லில் குறி விடுபட்டாலும், வெறும் பன்மையான 'டாக்டர்ஸ்' தேவையின்றிக் குறி சுமந்து வந்தாலும் உடனே பிடித்துவிடுகிறது.

சிக்கல் 'எஸ்' எழுத்தில் முடியும் பெயர்களில்தான். ஓர் ஆண்டு மலரில் 'தாமஸ்' என்ற பெயருக்குப் பின் குறி மட்டும் போதும் என்று ஆங்கில ஆசிரியை எழுதிக் கொடுக்க, மென்பொருள் அதன் கீழ் சிவப்புக் கோடு இழுத்து, இன்னொரு 'எஸ்' சேர்க்கச் சொன்னது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு ஆசிரியையின் பக்கம். சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நடைக் கையேடு மென்பொருளின் பக்கம். இரண்டுமே அமெரிக்கக் கையேடுகள் என்பதால், அமைப்பில் அமெரிக்க ஆங்கிலத்தையோ பிரிட்டிஷ் ஆங்கிலத்தையோ தேர்ந்தெடுப்பதால் இந்த வழக்கு தீர்வதில்லை. 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹாரிஸ் என்ற பெயரை அங்குள்ள ஊடகங்களே இரு விதமாக எழுதின. இரண்டும் நடைமுறையில் உள்ளவை என்று ஒரு வரி காட்டாமல் பிழை என்றே குறிப்பதுதான் எனக்குள்ள பெரிய மனக்குறை. அந்தக் கோட்டைப் பார்த்த வாடிக்கையாளரிடம் யார் விளக்குவது?

திருத்தி கண்டுகொள்ளாத இன்னொன்றும் உண்டு. முன்னாள் மாணவர் சந்திப்பு ஃப்ளெக்ஸில் 1998 என்பதைச் சுருக்கி, முன்னால் குறியிட்டு 98 என்று தட்டும்போது, எழுத்துச் செயலி அந்தக் குறியைத் தானாகவே மேற்கோளின் தொடக்கக் குறியாக மாற்றிவிடுகிறது. அப்பாஸ்ட்ரஃபியின் வால் இடப்பக்கம் வளைய வேண்டும். ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0146 தட்டினால் சரியான குறி கிடைக்கும். அழைப்பிதழில் யார் கண்ணிலும் படாத இந்த வேறுபாடு, அடிக்கணக்கில் உயரமுள்ள எழுத்துகளில் பளிச்சென்று தெரியும்.

ஏற்காடு விடுதிகளின் துண்டுப் பிரசுரங்கள் தனி ரகம். லேடீஸ் சீட் காட்சிமுனையின் பெயரை ஒருமையில் குறியோடும், பன்மையில் குறியோடும், குறியே இல்லாமலும் எழுதித் தருகிறார்கள். மூன்றுக்கும் திருத்தி வாயைத் திறப்பதில்லை. அது நியாயமும்கூட, ஏனெனில் இடப்பெயரில் இலக்கணத்தைவிட வழக்கமே செல்லும். அமெரிக்காவில் 1890-இல் அமைந்த இடப்பெயர் வாரியம் உடைமைக் குறியைப் பொதுவாக ஏற்பதில்லை. மார்த்தாஸ் வின்யார்டு போன்ற மிகச் சிலவே விலக்கு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றமும் 2009-இல் தெருப் பலகைகளில் குறியைக் கைவிட்டது. அருகிலுள்ள சில்ட்ரன்ஸ் சீட்டில் மட்டும் தகராறுக்கு இடமில்லை, 'சில்ட்ரன்' தானே பன்மையாக இருப்பதால் குறி நிற்க ஒரே இடம்தான் உண்டு.

சந்தாவை இந்த ஆண்டும் புதுப்பித்துவிட்டேன். ஆனால் பெயர்கள் மிகுந்த வேலைகளில் உடைமைக் குறிக்கான விதியை மட்டும் அணைத்து வைத்து, ஒரே பிரசுரத்தில் ஒரே வடிவம் வருகிறதா என்று தேடிப் பார்த்து, அந்த வடிவத்தை ப்ரூஃபில் வட்டமிட்டு வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.