45 ஏசிபி தோட்டாவுக்கு வீட்லயே ஈயக் குண்டு: லீ 6 குழி அச்சு ரிவ்யூ

அமெரிக்கால 45 ஏசிபி தோட்டா போடற 1911 பிஸ்டல் வச்சு சுடுறவங்களுக்கு லீ கம்பெனியோட 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) குண்டு வார்க்கற அச்சு ரொம்ப நல்ல பொருள்ங்க, ஒரே தடவைல 6 குண்டு வார்க்க 6 குழி இருக்கறதால வேலை சட்டுனு முடியும், அலுமினியம்ங்கறதால சீக்கிரம் சூடேறிடும், வெலையும் இரும்பு அச்சை விடக் கம்மி. 45 ஏசிபி குண்டு நொடிக்கு 850 அடி பக்கம்தான் போகும், சுடும்போது உள்ள உண்டாகற பிரஷரும் 21,000 பிஎஸ்ஐதான் (சதுர இஞ்சுக்கு பவுண்ட்) லிமிட், அதனால மெத்து ஈயமே தாங்கும். ஆனா சைஸ்தான் எல்லாமே, பேரல் (துப்பாக்கிக் குழல்) உள் அளவு 0.451 இஞ்ச்னா குண்டு 0.452 இருக்கணும், சின்னதா போனா பேரல் உள்ள ஈயம் அப்பிக்கும். க்ளாக் கம்பெனி பிஸ்டல் வச்சிருக்கவங்க இத வாங்காதீங்க, வெறும் ஈயம் போடக்கூடாதுன்னு மேனுவல்லயே இருக்கு. உருகின ஈயத்துல ஒரு சொட்டு தண்ணி போனாலும் வெடிச்சுத் தெறிக்கும், தூசியும் விஷம், காத்தாட வெளில வச்சு ஊத்துங்க, பசங்கள கிட்டவே விடாதீங்க.