சோற்றைக் குறைத்த மூன்று ஆண்டுகள்

ஆரம்பித்தபோது எனக்கு வயது 46, எடை 91 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.6, ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 274. அப்போது இரண்டு சர்க்கரை மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்: மெட்ஃபார்மின், கிளிமிப்ரைடு. பேலியோ என்று நம் ஊரில் சொல்லப்படும் குறைமாவு, நிறைகொழுப்பு உணவுக்கு மாறப்போவதாகச் சொன்னதும், டாக்டர் முதல் வேலையாக கிளிமிப்ரைடை நிறுத்தினார். உள்ளே போகும் மாவுச்சத்து குறைந்த பிறகும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தாமாகவே இதில் இறங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

காலையில் 100 பாதாம். இரவே ஊறவைத்து, வடித்து, நெய்யில் வறுக்க வேண்டும். முதல் மாதம் ஒவ்வொன்றாக எண்ணினேன். பிறகுதான் தராசில் 120 கிராம் நிறுத்தால் போதும் என்று புத்தி வந்தது. மதியம் காய்கறியும் நான்கு முட்டையும். இரவு பன்னீர் அல்லது ஆட்டுக்கறி. பசி எடுக்கவே இல்லை. இட்லி சாப்பிட்ட காலத்தில் பதினொரு மணிக்கெல்லாம் வடையைத் தேடியவன் நான்.

முதல் வாரத்தில் நான்கு கிலோ இறங்கியது. துள்ளிக் குதித்தேன். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு கரையும்போது அதனுடன் பிடித்துவைத்திருந்த நீரும் வெளியேறும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளிவிடும். ஐந்தாம் நாள் பேருந்து நிலையத்தில் எழுந்து நின்றவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கடையில் உப்பு போட்ட எலுமிச்சை நீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மலச்சிக்கல் இரண்டு மாதம் படுத்தியது. கீரையை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்த பிறகே விட்டது.

எட்டு மாதத்தில் எடை 76. எச்பிஏ1சி 5.9, டிரைகிளிசரைடு 108. அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். இரண்டு வரி கீழே, கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் 121-லிருந்து 198-க்கு ஏறியிருந்ததை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். பொய்யில்லை, உண்மையாகவே மறைத்தேன். ‘டிரைகிளிசரைடு குறைந்துவிட்டதல்லவா, எல்டிஎல் ஏறினால் ஒன்றுமில்லை’ என்று ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர் அதை ஏற்கவில்லை. சர்க்கரை வந்த உடம்பு, அப்பாவுக்கு 58 வயதில் மாரடைப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு 198-ஐ எப்படி அலட்சியப்படுத்துவாய் என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் வெட்டினேன். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அளவோடு. ஆட்டுக்கறி மாதம் இருமுறை, மற்ற நாட்களில் மத்தி, அயிலை. ஐந்து மாதத்தில் எல்டிஎல் 139. அதுவும் போதாதென்று சிறிய அளவில் ஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்தார், சாப்பிடுகிறேன். ‘மாத்திரையே இல்லாத வாழ்க்கை’ என்ற கனவு அத்துடன் போயிற்று. பெரிய வருத்தம் ஒன்றுமில்லை.

இன்னொரு அனுபவமும் உண்டு. பத்து மாதம் சோறு தொடாமல் இருந்துவிட்டு, அக்கா மகள் கல்யாணப் பந்தியில் இலை நிறையச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 231. நோய் திரும்பிவிட்டது என்று பதறினேன். நீண்ட நாள் மாவுச்சத்து இல்லாத உடல், திடீரென வந்தால் அதைக் கையாளத் தடுமாறும் என்று டாக்டர் விளக்கினார். குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கமாகச் சாப்பிடச் சொல்வதும் இதனால்தானாம்.

இதுதான் ஒரே வழி என்று இப்போது யாரிடமும் சண்டை போடுவதில்லை. 2018-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கொழுப்பு, மறு பாதிக்குக் குறைந்த மாவுச்சத்து என்று பழக்கினார்கள். ஓராண்டு முடிவில் எடைக் குறைப்பில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. எனக்கு இது ஒத்துவந்ததற்குக் காரணம் பசி அடங்கியதுதான். பசியோடு அலையும் எந்த உணவுமுறையிலும் நான் நான்கு வாரம் தாக்குப்பிடித்ததில்லை.

இப்போது மதியம் ஒரு கரண்டி சோறு உண்டு. ‘அந்த நாலு பருக்கைக்கு எதற்குடா குழம்பு?’ என்று அம்மா தினமும் கேட்கிறார். எடை 78-இல் நிற்கிறது. பாதாம் முப்பதோடு சரி. விலையும் ஒரு காரணம். அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதம்.