பனிக்கால நடைக்கு நாய்க்கு பூட்ஸா, பாத மெழுகா?

கோட்டு விஷயத்தில் பெரிய யோசனை வேண்டாம். குட்டை முடி, ஒல்லி உடம்பு, வயசான நாய் என்றால் போடுங்கள். அடர்ந்த முடி என்றால் விடுங்கள். குழப்பமெல்லாம் காலில்தான். பூட்ஸ், பாதத்தில் தடவும் மெழுகு இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் மெழுகின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

குளிரை மட்டும் நாயின் பாதம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அங்கே தமனியும் சிரையும் ஒட்டி ஓடுவதால், குளிர்ந்து திரும்பும் ரத்தம் வழியிலேயே சூடாகிவிடுகிறது. நிஜத் தொல்லை, பனி உருகத் தெருவில் தூவும் உப்புதான். கடுங்குளிரில் சாதா உப்பு சரியாக வேலை செய்யாது என்று கால்சியம் குளோரைடு போடுவார்கள். அது தண்ணீர் பட்டால் சூடாகும். வெடித்த பாதத்தில் பட்டால் எரிச்சல், வீட்டுக்கு வந்து நக்கினால் வயிற்றுக்கும் கேடு.

இதைத் தடுப்பதில் பூட்ஸை மெழுகு மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அலாஸ்காவில் நாய்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் இடிடராட் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் 8 பூட்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் தினசரி நடைக்கு, போய்வந்த பிறகு செய்யும் வேலையையும் பாருங்கள். பூட்ஸுக்குள் பனி புகுந்து நனையும், போதாக்குறைக்கு நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும், காலையில் கழற்றியது சாயங்காலம்வரை காயாது, ஈரத்தோடு மாட்டினால் விரலிடுக்குத் தோல் உராய்ந்து சிவந்துபோகும். வெல்க்ரோவில் பனி ஒட்டிக்கொண்டால் பிடிக்காது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும், தளர விட்டால் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்திருக்கும். மிச்சம் மூன்றை வைத்து என்ன செய்வது?

மெழுகில் இந்தப் பாடு இல்லை. கிளம்பும் நேரத்தில் வாசலிலேயே விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் தேய்த்தால் போதும். (உள் அறையில் தடவினால் தரையெல்லாம் பிசுபிசுப்பு.) பனி உருண்டையாகக் கட்டிக்கொள்வது குறைகிறது. திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை முக்கி, விரலிடுக்கு ஈரத்தைத் துண்டால் ஒற்றிவிடுவேன். இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் கரடான தரையில் மெழுகு தேய்ந்துபோகும், உப்பு கொஞ்சம் பட்டே தீரும்.

என் நாய் குட்டை முடி, நடையும் சின்னது, அதனால் என் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. நீள முடி நாயோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாதத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைப் பாதத்தோடு சமமாக வெட்டிவிடுங்கள். உப்பு கொட்டிக் கிடக்கும் தெருவில் நெடுந்தூரம் போகிறவர்கள் யோசிக்காமல் பூட்ஸ் வாங்கலாம். பலூன் மாதிரி மெல்லிய ரப்பரில் வருவது நாய்க்குச் சீக்கிரம் பழகிவிடும், ஆனால் கதகதப்பும் இல்லை, காற்றும் புகாது, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

மெழுகுக்காரர்களும் ஒரு செட் பூட்ஸ் வாங்கி வைப்பது நல்லது. பாதம் வெடித்துப் புண்ணாகி ஆறும்வரை அதுதான் கை கொடுக்கும்.