ஷேர்டு லைப்ரரியா, ஸ்டேட்டிக் லைப்ரரியா: வியாசர்பாடிப் பயிற்சிக் கூடத்தின் தேர்வு

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் பயிற்சிக் கூடத்தில் இருப்பவை நன்கொடையாக வந்த பழைய கணினிகள். எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. மாணவர்களுக்காக எழுதும் நிரல்களை நிறுவத்தக்க பேக்கேஜாகக் கட்டும்போது, தேவையான லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்தக் கட்டளைத் தொகுப்புகளை, ஒவ்வொரு நிரலுக்குள்ளும் சேர்த்துவிடுவதா (ஸ்டேட்டிக் முறை), கணினியிலுள்ள பொதுப் பிரதியைப் பயன்படுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாங்கள் பொதுப் பிரதியையே, அதாவது ஷேர்டு லைப்ரரியையே தேர்கிறோம்.

நினைவகச் சிக்கனம் சிறிய காரணம்தான்: பல நிரல்கள் ஒரே லைப்ரரியை அழைத்தாலும் அதன் கட்டளைப் பகுதி நினைவகத்தில் ஒருமுறை இருந்தால் போதும். பெரிய காரணம் பாதுகாப்பு. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த லைப்ரரியின் பொதுப் பிரதியைப் பயன்படுத்திய கணினிகளில் அந்த ஒரு பேக்கேஜைப் புதுப்பித்து, அதை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த சேவைகளை மறுதொடக்கம் செய்ததும் நிரலிலிருந்த ஓட்டை அடைபட்டது. ஸ்டேட்டிக் முறையிலோ, பழுதான பிரதி எந்தெந்த நிரல்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று முதலில் தேடிக் கண்டுபிடித்து, பிறகு ஒவ்வொன்றையும் மறுபடி கம்பைல் செய்து அனுப்ப வேண்டும். 2002இல் தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரியில் பழுது தெரியவந்தபோது, அதன் பிரதியைத் தமக்குள் வைத்திருந்த நிரல்களுக்கெல்லாம் இந்த வேலை தனித்தனியாக வந்து சேர்ந்தது.

பொதுப் பிரதிக்கும் ஆபத்து உண்டு, அது சிறியதன்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்கத் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்ட கள்ளவழி, லிப்சிஸ்டம்டி என்ற இன்னொரு லைப்ரரி வழியாக, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையினுள் நுழையும்படி அமைந்திருந்தது. எக்ஸ்இசட்டின் லைப்ரரியோ எஸ்எஸ்எச் நேரடியாகக் கேட்காத ஒன்று. டெபியனின் நிலையான பதிப்பை அந்தக் கள்ளவழி எட்டவில்லை. எட்டியிருந்த சோதனைப் பதிப்புகளிலும் ஒரு பேக்கேஜைப் பழைய பதிப்புக்குத் திருப்பியே அகற்ற முடிந்தது. இன்னொரு தொல்லை, பொருந்தாத மாற்றத்தைச் செய்துவிட்டு லைப்ரரியின் சோநேம் எண்ணை (எந்தப் பதிப்பு பொருந்தும் என்று நிரல்களுக்குக் காட்டும் எண்) உயர்த்தாமல் விடுவது: அப்போது சார்ந்திருக்கும் நிரல்கள் ஒருசேர உடையும்.

மாணவர்கள் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சிறு கருவிகளுக்கு மட்டும் ஸ்டேட்டிக் முறையை ஏற்கிறோம், ஏனெனில் எந்த லினக்ஸ் அங்கே இருக்குமென்று முன்கூட்டித் தெரியாது. அவற்றைக்கூட டெபியனின் வழக்கமான அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியோடு கட்டாமல், அதற்கு மாற்றான மசல் லைப்ரரியோடு கட்டுகிறோம். ஸ்டேட்டிக்காகக் கட்டிய பின்னும் ஜிலிப்சி, இணையப் பெயர்களைத் தேடும் வேலைக்கு ஓடும் நேரத்தில் ஷேர்டு லைப்ரரிகளையே நாடுகிறது. உள்ளே சேர்ந்த ஒவ்வொரு லைப்ரரியின் பதிப்பையும் கருவியோடு எழுதியும் வைக்கிறோம்.