மலையில் டிராக்டருக்குப் பெயின்ட்: எனாமலா, என்.சி.யா, பி.யு.வா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் எஸ்டேட் ஷெட்டில் கழித்துப் போட்ட பழைய குட்டி டிராக்டர் ஒன்று கைக்கு வந்துவிட்டால், இன்ஜின் வேலையைக்கூட எப்படியோ முடித்துவிடலாம், பெயின்டில்தான் குழப்பமே. மேட்டுப்பாளையம் பட்டறைக்காரர் பி.யு. (பாலியூரிதேன் பெயின்ட்) என்பார், ஹார்டுவேர் கடை அண்ணன் எனாமல் போதும் என்பார், பழைய கார் பெயின்டர் யாராவது வந்து "என்.சி. மாதிரி வராதுங்க" என்று நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டைச் சொல்வார். அவரவர் ஊரில் எல்லாமே சரிதான். இங்கே விலைக்கும் பளபளப்புக்கும் முன்னால், எது நம்ம ஊர் மஞ்சில் காயும் என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

என்.சி.யை முதலில் எடுக்கிறேன், தள்ளிவிடச் சொல்லத்தான். தின்னர் சட்டென்று ஆவியாகும், கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்க்கலாம், வழிந்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் தின்னர் அந்த வேகத்தில் போகும்போது தகடு சில்லிட்டுப்போகும், காற்றில் இருக்கிற ஈரம் நேராகப் பெயின்ட் மேல் இறங்கும். நல்ல அடர் நிறத்தில் அடித்த பானெட் பால் தெளித்தது போலக் கண்ணெதிரே வெளுத்துக்கொண்டு வரும். மெதுவாக ஆவியாகிற ரிட்டார்டர் தின்னர் கலந்தால் குறையுமே தவிர முழுசாகப் போகாது. போதாததற்கு, மேலே பெட்ரோல் சிந்தினால் மங்கும். கண்காட்சிக்கு நிறுத்துகிற வண்டி என்றால் சரி, கேரட் தோட்டத்தில் இறங்குகிற வண்டிக்கு எதற்கு?

தரம் என்று பார்த்தால் பி.யு.வை அடிக்க ஆள் இல்லை. டீசல், உரம், வெயில் எதற்கும் லேசில் அசையாது. சிக்கல் அதை இறுக வைக்கக் கலக்கிற ஹார்டனரில். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, ஸ்ப்ரே புகையாக உள்ளே போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், முகத்தில் துணி கட்டுவதெல்லாம் கணக்கிலேயே சேராது, வெளிக்காற்று குழாய் வழியாக வருகிற மாஸ்க் வேண்டும். வாசலில் பாட்டி உட்கார்ந்திருக்க போர்ட்டிகோவில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. குளிரும் ஆகாது: பத்து டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகுவது ரொம்பவே மந்தமாகிவிடும், உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் கேட்கவே வேண்டாம்.

மிச்சம் சிந்தெடிக் எனாமல். வீட்டில் அடிக்க என் ஓட்டு இதற்குத்தான், அதன் குறைகளோடு சேர்த்து. மெதுவாகத்தான் காயும், ஏனென்றால் தின்னர் போன பிறகும் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கித்தான் அது இறுகுகிறது. ஒரே அடியாகத் தடிமனாக அடித்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே பிசுபிசுவென்று நிற்கும், அடுத்த கோட் விழுந்ததும் சுருங்கும். மெல்லிசாக அடிக்க வேண்டும், நடுவில் காயவிட வேண்டும். எனாமல் மேல் என்.சி. மட்டும் அடித்துவிடாதீர்கள், அதன் தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பிவிடும்.

காலம்தான் முக்கியம். கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை, கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்கு பிடித்துக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச்தான் நமக்கு வாய்த்தது. அப்போதும் வெயில் ஏறித் தகடு சூடான பிறகு தொடங்கி, மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்குவதற்குள் ஸ்ப்ரே கன்னைக் கழுவிவிட வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியால் பானெட்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கால் மணி நேரத்தில் காயவில்லை என்றால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம். கேஸ் அடுப்பை வைத்து ஷெட்டைச் சூடாக்கும் யோசனை வேண்டாம். தின்னர் ஆவியில் தீப்பிடிக்கும், போதாக்குறைக்கு கேஸ் எரிந்தால் ஈரம்தான் கூடும்.

பழைய பெயின்டை எடுப்பதில் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டுவது மலிவு, கண்ணாடி கட்டாயம், கம்பி தெறிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தகட்டுப் பகுதிகளைத் தண்ணீர் விட்டு எமரியில் தேய்ப்பதே நல்லது. சாண்ட் பிளாஸ்டிங் வேகம்தான், ஆனால் மெல்லிய பானெட் நெளியும், பேரிங், சீல் பக்கம் மணல் போனால் அவ்வளவுதான். கீழே கொடுத்து பிளாஸ்ட் பண்ணினால் அங்கேயே எபாக்சி பிரைமர் அடித்து வாங்குங்கள். வெறும் இரும்பாக மஞ்சு வழியே மலை ஏற்றினால் வீடு வருவதற்குள் ஆரஞ்சு நிறம் பூத்திருக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர் மட்டும் அடித்து வாரக்கணக்கில் போட்டு வைப்பதும் அதே கதை, அதன் வழியே ஈரம் இறங்கும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் நான் பிரித்துச் செய்யச் சொல்வேன்: பானெட், மட்கார்டு, டேங்க் இவற்றைக் கழற்றிக் கீழே நல்ல பட்டறையில் பி.யு., கியர்பாக்ஸ், ஆக்ஸில், ரிம் எல்லாம் வீட்டில் எனாமல். ஷேடு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், தோட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்.

நிறத்துக்கு, டேங்க் பட்டைக்கு அடியில் வெயில் படாத இடத்தைத் துடைத்துப் பார்த்து அதைக் கடையில் காட்டுங்கள். 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டி.இ.20 கையில் இருந்தால் அது சாம்பல் நிறம், யாராவது மேலே சிவப்பு பூசியிருந்தாலும் நம்ப வேண்டாம்.