மகளின் கவுன்சிலிங்கை ஏஜென்ட் கையில் கொடுத்தேன், நாலாவது வரியில் ஏமாந்தேன்

போன வருடம் எங்கள் வீட்டில் நடந்தது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய காலேஜ்களை வரிசையாக ஆன்லைனில் போடுவது, தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மகளுக்குக் கணக்கில் 96, இயற்பியலில் 91, வேதியியலில் 90. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 186.5. முதல் ரவுண்டிலேயே கூப்பிட்டுவிடும் கட்-ஆஃப். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும், அதுவும் கோயமுத்தூரில் வேண்டும் என்பது அவள் ஆசை. "நானே பண்ணிக்கிறேன்ப்பா" என்றுதான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது விசைத்தறி. "ஒரு பட்டனைத் தப்பா அழுத்திட்டா ஒரு வருசம் போச்சு கண்ணு" என்று பயந்து, அவளை ஏஜென்ட்டிடம் கூட்டிப் போனவன் நான்தான்.

மொபைல் கடைக்கு மேல் மாடியில் ஒரு அறை. சுவர் முழுக்கப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படம், கீழே காலேஜ் பெயர். "கவலையே படாதீங்கண்ணா, பாப்பாவுக்கு நான் போடற லிஸ்ட்டைப் பாருங்க" என்றார். 12,000 ரூபாய் பேசி 6,000 முன்பணம். அது போக ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் என்று தனியாக 2,000. எங்களைப் போன்ற பி.சி. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணம் வெறும் 500. அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். பதிவு செய்யும்போது மொபைல் எண் என்ற இடத்தில் தன் எண்ணையே போட்டுக்கொண்டார். "ஓ.டி.பி. வந்தா நீங்க தறியில இருப்பீங்க, எதுக்குண்ணா தொந்தரவு?" எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் கேட்டார். வீட்டுக்காரி மட்டும் முடியவே முடியாது என்று ஜெராக்ஸைக் கொடுத்தனுப்பினாள். அந்த ஒன்றாவது பிழைத்தது.

மூன்று நாள் உட்கார்ந்து லிஸ்ட் போட்டோம். அவர் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், 42 வரிகள். முதல் மூன்றும் அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள். கிடைக்காது என்று தெரிந்தே சும்மா ஆசைக்குப் போட்டவை. நாலாவதிலிருந்துதான் நிஜமான லிஸ்ட். மகள் ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் டிக் அடித்தாள். லிஸ்ட்டை லாக் செய்துவிட்டதாக, அதாவது இனி மாற்ற முடியாதபடி உறுதி செய்துவிட்டதாக, அன்று இரவு ஏஜென்ட் போனில் சொன்னார்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த அன்று காலை அவள் தோழிகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை. ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. நேரில் போனால், நாங்கள் கேள்வியே படாத ஒரு காலேஜின் பெயரைச் சொல்லி, "நல்ல இடம்ண்ணா, கிடைச்சதே பெருசு" என்றார். மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த காலேஜ் கோடு எங்க லிஸ்ட்லயே இல்லீங்களே?"

லாகின் செய்து பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்டு அவரிடம். மாற்றலாம் என்றால் ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகிறது. மதியம் என் மச்சினனையும் கூட்டிக்கொண்டு போய் வாசலிலேயே நின்ற பிறகுதான் அந்த நம்பரைப் படித்துக் காட்டினார். உள்ளே போய் மகள் எண்ணிப் பார்த்தாள். 43 வரிகள். நாலாவதாக அந்த காலேஜ் நுழைந்திருந்தது, எங்களுடையவை எல்லாம் ஒவ்வொரு படி கீழே இறங்கியிருந்தன.

ஒரு வரிதானே என்று தோன்றும். விஷயமே அதில்தான் இருக்கிறது. சிஸ்டம் உங்கள் லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், உங்கள் ரேங்க்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே எவ்வளவு நல்ல இடம் இருந்தாலும் எட்டிக்கூடப் பார்க்காது. கிடைத்த சீட்டை விட நல்லதுக்குக் காத்திருக்க 'அப்வேர்டு' என்று ஒரு வாய்ப்பு கொடுக்கிறார்களே என்றால், பெயரே சொல்கிறது, அது லிஸ்ட்டில் மேலே மட்டும்தான் போகும். எங்களுக்கு மேலே இருந்தவை கிடைக்கவே கிடைக்காத அந்த மூன்று. அந்த ஆள் ஐந்தாவதிலோ பத்தாவதிலோ செருகாமல் சரியாக நாலாவதில் செருகியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. எங்களிடம் வாங்கியது சில்லறை. சீட்டுக்கு இவ்வளவு என்று அவருக்கு வேறு பக்கம் வருகிறது என்பதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

இரண்டு நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த சீட்டை எடுத்துக்கொள்வது, இல்லையென்றால் வேண்டாம் என்று அடுத்த ரவுண்டுக்குப் போவது. அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மகளே அடுத்த ரவுண்டு என்று அழுத்தினாள். முதல் ரவுண்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சியதில் தானே உட்கார்ந்து லிஸ்ட் போட்டாள். கோவையிலேயே ஒரு காலேஜில் இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்) கிடைத்தது. பரவாயில்லை, படிக்கிறாள். ஆனால் எங்கள் பென்சில் டிக் லிஸ்ட்டில் ஆறாவதாக இருந்த காலேஜில் பி.சி.க்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி சீட் 185-க்குப் போயிருந்ததைப் பிறகு பார்த்தோம். அவளுடையது 186.5. அதை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

இந்தக் கட்-ஆஃப் விவரமெல்லாம் ஏதோ ரகசியம் மாதிரி அந்த ஆள் ஒரு ஃபைலில் வைத்திருந்தார். எந்தக் காலேஜில், எந்தப் பிரிவில், எந்த வகுப்புக்கு எந்த மார்க் வரை போனது என்பது கவுன்சிலிங் தளத்திலேயே வருடவாரியாக, ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு மாவட்டந்தோறும் டி.எஃப்.சி. என்று உதவி மையம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து போடலாம். மொபைல் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். காலேஜ் பெயரை நம்பாதீர்கள், ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று இருக்கும். கோடு எண்ணைப் பாருங்கள். கோவையில் பி.எஸ்.ஜி. டெக்குக்கு 2006, பி.எஸ்.ஜி. ஐடெக்குக்கு 2377. லாக் செய்யும் முன் திரையில் இருப்பதையும் கையில் இருப்பதையும் வரி வரியாகப் பிள்ளையே சத்தமாகப் படிக்கட்டும்.

பணம் திரும்பி வரவில்லை. ஜிபேயில் அனுப்பியது அவர் மனைவி நம்பருக்கு, ரசீதும் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்ததற்கு, அதை வாங்கிக்கொண்டதாகச் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் பீரோவில் இருக்கிறது.

இந்த மே மாதம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய புது ஃப்ளெக்ஸ். இரண்டாவது வரிசையில் என் மகளின் படம், கீழே அவள் தானாக வாங்கிய சீட்டின் பெயர். மாடிக்குப் போய் நின்றேன். ஒன்றும் பேசாமல் ஒரு பையனைப் பிளேடோடு என்கூட அனுப்பினார். இப்போது அந்த ஃப்ளெக்ஸில் சதுரமாக ஒரு ஓட்டை இருக்கிறது.