காளானுக்கு ஒரு நாள் வகுப்பு போதுமா?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதாமாதம் 5-ஆம் தேதி காளான் வளர்ப்புப் பயிற்சி என்பது நீண்ட கால வழக்கம். காலையில் போனால், வைக்கோல் ஊறப்போடுவதிலிருந்து பை கட்டுவது வரை பார்த்துவிட்டு மாலையில் சான்றிதழோடு பஸ் ஏறிவிடலாம். வைக்கோல் போன்ற பண்ணைக் கழிவைக் காளானாகவோ உரமாகவோ மாற்றக் கற்றுக்கொள்ள, இதை விட்டால் விவசாயிக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கே.வி.கே. நடத்தும் பயிற்சி. இன்னொன்று, அட்மா என்ற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமையின் திட்டத்தில் முன்னோடி விவசாயி ஒருவரின் வயலிலேயே நடக்கும் பண்ணைப் பள்ளி.

மூன்றில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தக் கழிவை என்னவாக மாற்றப் போகிறீர்கள், அதில் சிக்கல் எத்தனையாவது நாளில் தலைகாட்டும், அந்த நாளில் சொல்லிக்கொடுத்தவர் எட்டும் தூரத்தில் இருப்பாரா? நான் பார்ப்பது இதைத்தான்.

சிப்பிக் காளானையே எடுத்துக்கொள்வோம். வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, விதை (காளான் இழை படர்ந்த தானியம்) ஓர் அடுக்கு என்று நிரப்பிக் கட்ட வேண்டும். எழுதினால் இரண்டே வரி. ஆனால் உலர்த்துவதை எங்கே நிறுத்துவது? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டு விழக்கூடாது. 65 சதவீத ஈரப்பதம் என்று கையேட்டில் போட்டிருப்பது இதைத்தான். கூட்டம் அதிகமாக வந்த நாளில் பின்வரிசையில் நின்றவருக்கு இது கண்ணில் படும், கையில் படாது.

சரி, அதையும் கற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். விதை பரவிப் பை முழுக்க வெள்ளையாக 15 முதல் 20 நாள் ஆகும். பச்சைப் பூசணம் திட்டுத் திட்டாக வருவதும், காளான் ஈ மொய்ப்பதும் இந்த இடைவெளியில்தான். ஒரு நாள் வகுப்பு இந்த நாட்களை வாயால் சொல்லலாம், காட்ட முடியாது. அப்புறம் கோடை வரும். சமவெளியின் சித்திரை வெயிலைச் சிப்பிக் காளான் தாங்காது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.பி.கே.-2 பால் காளானுக்கு மாற வேண்டியிருக்கும். அதில் பை வெள்ளையானதும் பாதியாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்ப வேண்டும். முதல் வகுப்பில் பார்த்த வேலையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை.

இங்கேதான் கே.வி.கே. முன்னால் போகிறது. நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 700-க்கு மேல் இருக்கின்றன. தலைவரோடு ஆறு துறை வல்லுநர்கள் என்பது அமைப்பு. பூசணம் பிடித்த பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்க் காட்டலாம், பல இடங்களில் காளான் விதையும் மண்புழுவும் அங்கேயே வாங்கலாம். நிலையத்துக்கு வெளியே, ஊருக்கே வந்து நடத்தும் பயிற்சியும் உண்டு. மாட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கோவைக்குப் போக முடியாத சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இது ஒன்றே நடைமுறையில் முடிகிற வழி. குறை என்னவென்றால், எல்லாம் ஆளைப் பொறுத்தது. அக்கறையான ஒருவர் மாற்றலாகிப் போனால் அந்த மாவட்டத்தில் காளானும் அவரோடு போய்விடும்.

பண்ணைப் பள்ளிதான் எனக்கு அதிகம் பிடித்தது. காளானுக்கு அதிகம் பொருந்தாததும் அதுவே. இதற்கு முன்னோடியான வயல்வெளிப் பள்ளி 1989-ல் இந்தோனேசியாவில் பிறந்தது. கண்ணை மூடிக்கொண்டு மருந்தடித்ததால் நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகிப்போன காலம். போகம் முழுவதும் வாராவாரம் வயலில் இறங்கி, எது நன்மை செய்யும் பூச்சி, எது தீமை செய்யும் பூச்சி என்று விவசாயிகளே எண்ணிப் பார்த்து முடிவெடுத்தார்கள். நம் பண்ணைப் பள்ளியில் 25 பேர் போலச் சேர்த்து, பயிரின் பருவத்தை ஒட்டி ஆறு வகுப்புகள் வைக்கிறார்கள். சிக்கல் வரும் நாளில் வகுப்பும் இருக்கும், அதுதான் இதன் பலம். ஆனால் அறுவடையோடு பெரும்பாலும் பள்ளி கலைந்துவிடும். வைக்கோல் கைக்கு வருவதே அதற்கு அப்புறம்தானே! அறுவடைக்குப் பின் இரண்டு வகுப்பு கூட்டினால் போதும், கழிவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. இயந்திர அறுவடையில் நொறுங்கி வரும் வைக்கோல் பைக்கு ஆகுமா, கையறுப்பு வைக்கோலைத் தனியே எடுத்துவைக்க வேண்டுமா என்பதெல்லாம் வயலில் நின்று பேச வேண்டிய சங்கதிகள்.

மண்புழு உரத்துக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஒரு நாள் வகுப்பு தாராளம். கழிவைச் சாணத்தோடு கலந்து 15, 20 நாள் மட்கவிட்டு, சூடு தணிந்தபின் புழுவை விட வேண்டும். நிழல், ஈரம், எறும்புக் காவல். காளான் எடுத்து முடித்த வைக்கோலும் இதற்கு ஆகும். பொள்ளாச்சிப் பக்கம் குவியும் தென்னை நார்க்கழிவுக்கு அதுகூட வேண்டாம், ஒரு துண்டுப் பிரசுரமே போதும்: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக் காளான் விதை, நிழல், தண்ணீர், 60 நாள். 112-க்கு 1 என்றிருக்கும் கரிம-தழைச்சத்து விகிதம் 24-க்கு 1 ஆக இறங்கிவிடும், அதாவது உரமாகப் போடும் அளவுக்கு மட்கிவிடும்.

மதிப்புக் கூட்டல், அதாவது விளைச்சலையும் கழிவையும் பண்டமாக்கி விற்பது என்றால் கணக்கே வேறு. வாழைக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நார் பிரிக்கும் இயந்திரத்தையும் சொல்லித்தருவார்கள். ஆனால் வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிலோ தண்டுக்கு ஒன்றிரண்டு கிலோ நார் கிடைத்தால் பெரிது. தோட்டத்திலேயே நார் எடுக்க வழியில்லாவிட்டால் வண்டிவாடகை விழுங்கிவிடும். மாவு, ஊறுகாய், சிப்ஸ் போன்றவற்றுக்குத் தஞ்சாவூர் உணவு பதப்படுத்தும் நிறுவனம் மேல். அங்கே வாடகைக்கு இயந்திரத்தில் உங்கள் சரக்கையே ஓட்டிப் பார்க்கலாம், இயந்திரம் வாங்குவதை அப்புறம் முடிவு செய்யலாம்.

என் தேர்வு இது: மண்புழுவுக்குப் பக்கத்தில் எது நடக்கிறதோ அந்த ஒரு நாள் வகுப்பு. காளானுக்குக் கே.வி.கே.தான், கோவைக்குப் போக முடிந்தால் முதல் படியாக அதையும் முடித்துவிடலாம். பெயர் கொடுக்கப் போனில் கூப்பிடும்போது, சாப்பாடும் சான்றிதழும் உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விதை உங்களிடமே கிடைக்குமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பத்தாம் நாள் பை பச்சையானால் யாரைக் கூப்பிடுவது என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு கைப்பேசி எண் உடனே வந்தால் அங்கேயே சேர்ந்துவிடலாம்.